டிகிரி ஆன பணத்தைத் தவணையில் கட்ட கோர்ட் ஒத்துக்கொள்ளுமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், பிசகு இருந்தால் திருத்துங்கள். புரோநோட்டுக் கடனுக்காக முன்சீப் கோர்ட்டில் போட்ட வழக்கில், 3 லட்சம் அசல், டிகிரி தேதியிலிருந்து 6 சதவீத வட்டி, அதோடு வழக்குச் செலவு என்று உங்கள் மேல் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை, ஆகி 18 நாள் ஆகிறது. நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலை, மாதச் சம்பளம் 25,000. கடன் வாங்கியது உண்மைதான் என்கிறீர்கள், ஆனால் கடைசி இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. மாதம் 5,000 வீதம் கட்டுகிறேன் என்று மனுப் போட்டால் ஜட்ஜ் ஒத்துக்கொள்வாரா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் எழுதாத கேள்வி ஒன்றும் இருக்கிறது. கட்ட முடியாவிட்டால் போலீஸ் வருமா, ஜெயிலா என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். 20 வருஷத்துக்கு மேலாகப் பணவசூல் வழக்குகள் நடத்துகிறேன், பாதி கடன் கொடுத்தவருக்கு, பாதி வாங்கியவருக்கு. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன யோசிப்பார் என்பதையும் சேர்த்தே எழுத முடியும்.

தவணை கேட்பதற்கான இடம் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இல் கட்டளை 20, விதி 11. அந்த விதிக்கு இரண்டு பாகம். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் கேட்டால், போதுமான காரணம் இருந்தால் தவணையை டிகிரியிலேயே சேர்த்து எழுத நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கடன் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, கடன் கொடுத்தவர் முடியாது என்றாலும் பரவாயில்லை. அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தீர்ப்புக்கு முந்தைய கடைசி விசாரணையில் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜரானவர்களைக் கேட்டு அந்த உத்தரவைப் போட வேண்டும் என்கிறது விதி. அன்றைக்கு நீங்கள் இல்லை. வக்கீலிடம் ஒரு வரி சொல்லி, 'கடனை ஒத்துக்கொள்கிறோம், தவணை மட்டும் கொடுங்கள்' என்று கேட்டிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். கடன் இருப்பது உண்மை என்பதால் கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். கடனை மறுக்க முடியாதவன்தான் அந்த வாய்தாவுக்குக் கட்டாயம் போக வேண்டியவன்.

இப்போது நீங்கள் இருப்பது இரண்டாம் பாகத்தில். டிகிரி ஆன பிறகும் தீர்ப்புக் கடனாளி, அதாவது டிகிரிப்படி பணம் கட்ட வேண்டியவர், தவணை கேட்டு மனுப் போடலாம். ஆனால் டிகிரிதாரர், அதாவது டிகிரி வாங்கிய கடன் கொடுத்தவர், சம்மதித்தால்தான் கோர்ட் உத்தரவு போட முடியும் என்பது சட்டத்தின் வாசகம். வட்டி எவ்வளவு, ஜாமீன் வேண்டுமா, சொத்தை ஜப்தியில் வைத்துக்கொண்டு தவணை கொடுப்பதா என்ற நிபந்தனைகளெல்லாம் நீதிபதி கையில். சம்மதம் மட்டும் எதிராளி கையில். ஆகவே 'ஜட்ஜ் ஒத்துக்கொள்வாரா' என்ற உங்கள் கேள்வியை 'கடன் கொடுத்தவர் ஒத்துக்கொள்வாரா' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் நாட்களை அவரிடம் செலவழியுங்கள்.

கையில் இருப்பது 12 நாள். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 126-ஆம் இனம், தவணை கேட்கும் மனுவுக்கு டிகிரி தேதியிலிருந்து 30 நாள்தான் கொடுக்கிறது. டிகிரி நகல் கைக்கு வந்த தேதியிலிருந்து என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அப்பீலுக்கு நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம், இந்த மனுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. நகலுக்கு இன்றே விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அது வரும்வரை காத்திருக்காதீர்கள். 30 நாள் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கும்படி அதே காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தனி மனுப் போடலாம். காரணம் வலுவாக இருக்க வேண்டும். சம்பளம் வரவில்லை, வேலைப்பளு என்பதெல்லாம் காரணமாக எடுபடாது.

சரி, அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? கெஞ்சிப் பயனில்லை. கோர்ட் வரை போய் டிகிரி வாங்கியவர் உங்கள் கண்ணீரை ஏற்கெனவே பார்த்துவிட்டார். அவருக்குப் புரிகிற பாஷை கணக்கு. உங்கள் சம்பளத்தை ஜப்தி செய்தால் அவருக்கு என்ன கிடைக்கும் என்று போட்டுப் பாருங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 25,000-இல் 1,000 போக 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கு 8,000. மில் நிர்வாகம் மாதம் 8,000 பிடித்து கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இது எத்தனை மாதம் நடக்கும் என்பது பலருக்கும் தெரியாத விஷயம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் சம்பளம் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த டிகிரிக்கு உங்கள் சம்பளத்தை மறுபடி தொடவே முடியாது. 8,000 பெருக்கல் 24 என்றால் 1,92,000. அதற்குள் வட்டியும் செலவும் வேறு. சம்பள ஜப்தியை மட்டும் நம்பினால் டிகிரிதாரருக்கு அசலே முழுசாக வராது. அவர் வக்கீலுக்கு இது தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் இதே கணக்கு உங்களையும் உரசும். மாதம் 8,000 பிடிக்க வழியிருக்கும்போது 5,000-க்கு அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? 3 லட்சத்துக்கு 6 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 18,000, மாதம் 1,500. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கட்டுகிற பணம் வட்டிக்கும் செலவுக்கும் போன பிறகுதான் அசலுக்கு வரும். 5,000 கட்டினால் முதல் மாதம் அசலில் குறைவது 3,500. இந்த வேகத்தில் கடன் தீர ஏறக்குறைய 6 வருஷம். எந்த டிகிரிதாரரும் இதற்குத் தலையாட்ட மாட்டார், நானும் ஆட்டச் சொல்ல மாட்டேன். இதுவே கையில் 60,000 கொண்டுபோய் வைத்துவிட்டு, மாதம் 10,000 என்று சொல்லிப் பாருங்கள். 26 மாதத்தில் முடிந்துவிடும். 60,000 எங்கே போவது என்று கேட்பீர்கள். மனைவியின் நகையை விற்கச் சொல்லி நான் எழுத மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். பி.எப்.பில் முன்பணம் எடுக்க உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, சீட்டுப் பணம் வரவேண்டியது ஏதும் உண்டா என்று பாருங்கள். இந்தக் கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். 6 சதவீதக் கடனை அடைக்க அறுபது சதவீதத்துக்கு வாங்கி, இரண்டாவது வழக்கோடு திரும்பி வந்தவர்களுக்கு நான் ஆஜராகியிருக்கிறேன்.

முதல் தொகை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் டிகிரிதாரர் தரப்பில் இருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், பணிக்கொடைப் பணத்திலிருந்து தெரிந்தவருக்குக் கொடுத்த கடன். எதிராளி வக்கீல் மூன்று முறை தவணைக்குக் கேட்டார், மூன்று முறையும் இவர் முடியாது என்றார். நான்காவது முறை கடனாளியே கோர்ட் வராந்தாவுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து 50,000-க்கு வங்கி டிராஃப்டை எடுத்து, 'சார், இது இன்னைக்கு. பாக்கிக்குத் தேதி போட்டுக் கொடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்' என்றார். வாத்தியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேர் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். பிறகு 'ரெண்டு வருஷமா இவன் முகத்தையே நான் பாக்கல வக்கீல் சார்' என்றார், கோபம் பாதி இறங்கிய குரலில். அன்றைக்கே கூட்டு மெமோ, அதாவது இருதரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தக் குறிப்பு, கோர்ட்டில் தாக்கல் செய்தோம். அவருக்குப் பணத்தைவிட, தன்னை ஏமாளி ஆக்கிவிட்டார்களே என்ற எண்ணம்தான் அறுத்துக்கொண்டிருந்தது. எல்லா டிகிரிதாரரும் அப்படி இருக்க மாட்டார்கள். வட்டித் தொழில் செய்கிறவரிடம் இது பலிக்காது. அங்கே 1,92,000 கணக்குதான் பேசும்.

மனுவோடு போடும் அபிடவிட்டில், அதாவது சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தில், என்ன எழுதுவது? வருமானம், யார் யார் உங்களை நம்பி இருக்கிறார்கள், வேறு கடன், மாதச் செலவு, எவ்வளவு எந்தத் தேதியில் கட்டுவீர்கள், முதல் தொகை எவ்வளவு. சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் ஃபீஸ் ரசீது, மருத்துவச் செலவு இருந்தால் அதன் பில். 'மனுதாரர் மிகவும் வறிய நிலையில் உள்ளார்' என்று டைப்பிஸ்ட் வழக்கமாக அடிக்கிற வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். 25,000 சம்பளக்காரரை வறியவர் என்று எழுதினால் மற்றதையும் ஜட்ஜ் நம்ப மாட்டார். ஊரில் இருக்கும் 3 சென்ட் மனையையோ பைக்கையோ மறைக்காதீர்கள். டிகிரித் தொகை 30 நாள் கட்டப்படாமல் இருந்தால், உங்கள் சொத்து விவரம் முழுவதையும் அபிடவிட்டாகக் கொடுக்கும்படி உத்தரவிடச் சொல்லி டிகிரிதாரர் கேட்கலாம். அந்த உத்தரவை மீறினால் அதற்கே 3 மாதம் வரை சிவில் சிறை உண்டு. கூடவே ஒரு எச்சரிக்கை. 'மாதம் 10,000 கட்ட முடியும்' என்று சத்தியம் செய்து எழுதினால், நாளைக்கு அதையே காட்டி 'இவருக்கு வசதி இருக்கிறது' என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் முடிந்த தொகையை மட்டும் எழுதுங்கள்.

ஜெயில் பயத்துக்கு வருகிறேன். இது சிவில் வழக்கு, போலீஸ் வராது. வந்தால் கோர்ட் அமீனாதான் வருவார். பணம் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் உள்ளே வைக்க முடியாது, இது உறுதி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி, ஏன் சிறையில் வைக்கக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்புக் கொடுத்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகுதான் உத்தரவிட முடியும். காரணம் என்றால், நீங்கள் ஓடிப்போகக்கூடியவர் என்றோ, வழக்குப் போட்ட பிறகு சொத்தைக் கள்ளத்தனமாகக் கைமாற்றினீர்கள் என்றோ, டிகிரிக்குப் பிறகு கட்ட வசதி இருந்தும் கட்டாமல் தட்டிக்கழித்தீர்கள் என்றோ இருக்க வேண்டும். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருந்தவர் என்றாலும் உத்தரவிடலாம், புரோநோட்டுக் கடனில் அது வராது. 1980-இல் கொச்சின் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதை இன்னும் இறுக்கியது. வெறுமனே கட்டத் தவறியது போதாது, அதற்குள் ஒரு கெட்ட எண்ணம் இருக்க வேண்டும், இல்லாதவனைச் சிறையில் தள்ளுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கே விரோதம் என்றது அந்தத் தீர்ப்பு. அப்படியே உத்தரவானாலும், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிகிரிக்கு 3 மாதம்தான் உச்சவரம்பு. உள்ளே இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் படியை டிகிரிதாரரே கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உங்களை விட்டுவிடுவார்கள். பெண்களைப் பண டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. ஆனால் சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று டீக்கடையில் சொல்வார்கள், அது தவறு. மறுபடி கைது செய்ய முடியாதே தவிர, கடன் அப்படியே நிற்கும்.

இதில் நிஜமான ஆபத்து ஒன்று உண்டு, அது நீங்களாக வரவழைத்துக்கொள்வது. கைது கேட்டு நிறைவேற்று மனு, நம் பேச்சில் ஈ.பி., போட்டால் முதலில் நோட்டீஸ் வரும். அதை வாங்காமல் கதவைப் பூட்டுகிறவர்கள், வாங்கிவிட்டு ஆஜராகாதவர்கள்தான் வாரண்டைப் பார்க்கிறார்கள். ஆஜராகி நின்றால், கட்ட உங்களுக்கு வசதி இருக்கிறதா என்ற விசாரணை நடக்கும், உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். சம்பளச் சீட்டைக் காட்டிச் சொல்கிறவருக்கு அங்கே பயமில்லை. போன மாதம்தான் மனையைத் தம்பி பேருக்கு எழுதிவைத்தேன் என்கிறவர்தான் மாட்டுவார். தயவுசெய்து இப்போது எதையும் யார் பேருக்கும் மாற்றாதீர்கள். சாமான் ஜப்தியைப் பொறுத்தவரை உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் செய்கிறவரின் கருவி இவற்றைத் தொட முடியாது. பி.எப்., எல்.ஐ.சி. பணமும் அப்படியே. பைக், டி.வி., மனை எல்லாம் போகும்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், லேத் பட்டறை வைத்திருந்தவர். டிகிரிக்குப் பிறகு மாதம் 5,000 வீதம் 16 மாதம், மொத்தம் 80,000, டிகிரிதாரர் வீட்டுக்கே போய் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். சாட்சி ஒரு கோடு போட்ட பாக்கெட் நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, தொகை, எல்லாம் இவர் கையெழுத்தில். டிகிரிதாரர் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. பிறகு மனஸ்தாபம் வந்து முழுத் தொகைக்கும் ஈ.பி. போட்டார் அவர். நோட்டைத் தூக்கிக்கொண்டு இவர் என்னிடம் வந்தார், நான் கட்டளை 21, விதி 2-ஐ எடுத்துக் காட்டினேன். கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணம் கோர்ட்டில் பதிவாகவில்லை என்றால், நிறைவேற்றும் நீதிமன்றம் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. பதிவு செய்யச் சொல்லிக் கடனாளி கேட்பதற்கும் பணம் கொடுத்ததிலிருந்து 30 நாள்தான். அதற்கும் எழுத்து ஆதாரமோ அவர் ஒப்புதலோ வேண்டும். 80,000-மும் கணக்கில் வரவில்லை. அந்த நோட்டை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஆகவே ஒன்று, கோர்ட்டில் டெபாசிட் செய்யுங்கள். அல்லது அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வங்கி மூலம் அனுப்பினால் வழக்கு எண், இருதரப்புப் பெயர், ஈ.பி. இருந்தால் அதன் எண், இந்தப் பணம் அசலுக்கா வட்டிக்கா செலவுக்கா என்ற விவரம் இவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே கட்டளை 21-இன் விதி 1. அனுப்பிய அன்றே பதிவோடு கூடிய ஸ்பீட் போஸ்ட் ஒன்று போட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கோர்ட்டில் கட்டினால், கட்டிவிட்டேன் என்ற நோட்டீஸ் அவருக்குச் சேர்ந்த தேதியிலிருந்துதான் அந்தத் தொகைக்கு வட்டி நிற்கும். வங்கி மூலம் நேரடியாகக் கட்டினால் கட்டிய தேதியிலேயே நிற்கும். ரொக்கம் வேண்டவே வேண்டாம், ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது கொடுத்தாலும் வேண்டாம்.

சம்மதம் கிடைத்துவிட்டால் அதை வாய்ப்பேச்சாக விடாமல் கூட்டு மெமோவாக எழுதிக் கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். அதில் நான் சண்டை போடுவது இரண்டு வரிக்கு. ஒன்று, தவணை தவறினால் என்ன ஆகும் என்பது. 'ஒரு தவணை தவறினாலும் மொத்தப் பாக்கியும் உடனே' என்றுதான் எதிர்த்தரப்பு எழுதிக்கொண்டு வரும். அதை 'தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்' என்று மாற்றப் பாருங்கள். மில்லில் ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போவது புதிதா? தேதியையும் 5 என்று போடாமல் உங்கள் சம்பளத் தேதிக்கு ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டாவது, வட்டி. ஒழுங்காகக் கட்டினால் மேற்கொண்டு வட்டி இல்லை என்று சம்மதிக்க வைக்க முடிந்தால் அதைவிட லாபம் இல்லை. மொத்தமாகக் குறைத்துக்கொள்ளக் கேட்பதைவிட இதைக் கேட்பது சுலபம், கொடுத்தவரின் அசலில் கை வைக்கவில்லை அல்லவா.

30 நாள் போய்விட்டாலும் இந்தக் கதவு முழுக்க மூடிவிடாது. டிகிரியை இருதரப்பும் பேசிச் சரிக்கட்டிக்கொள்வது எப்போதும் செல்லும், கோர்ட்டில் பதிவு செய்தால் போதும். வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போய் லோக் அதாலத்தில் வைக்கச் சொல்லலாம். ஈ.பி. நிலையில் உள்ள வழக்குகளையும் அங்கே எடுக்கிறார்கள், செலவு கிடையாது, அங்கே முடிந்ததற்கு அப்பீலும் கிடையாது.

அவர் எதற்கும் மசியவில்லை என்றால்? இங்கேதான் சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று. நிறைவேற்றும் நீதிமன்றம் டிகிரியை மாற்ற முடியாது, உங்களுக்காகத் தவணை டிகிரி எழுத முடியாது. ஆனால் கைது ஈ.பி.யில் ஆஜராகி முதல் நாளே 20,000 கட்டிவிட்டு, அடுத்த மாதம் இவ்வளவு என்று வக்கீல் எழுதிக்கொடுத்தால், பல நீதிபதிகள் அதைப் பதிவு செய்து வாய்தா போடுவதைப் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் ஒரு வாய்தா, மாதாமாதம் ஒரு தொகை. பெயர் இல்லாத தவணை அது. இது உரிமை இல்லை, அந்த நீதிபதியின் மனப்போக்கு. முன்பு போல இழுக்கவும் முடியாது. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நீண்ட வாய்தாவுக்கு நீதிபதிகள் தயங்குகிறார்கள். ஆகவே இதை நம்பி இப்போதைய 12 நாளை விட்டுவிடாதீர்கள்.

கடைசி இரண்டு வாய்தாவுக்குப் போகாததால் இது எக்ஸ்பார்ட்டி டிகிரி, அதாவது நீங்கள் ஆஜராகாததால் உங்கள் தரப்பைக் கேட்காமல் ஆன டிகிரி, என்று தெரிகிறது. ரத்து செய்யக் கட்டளை 9, விதி 13-இல் மனுப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கும் 30 நாள், வராததற்குத் தக்க காரணமும் வேண்டும். ரத்தானால் வழக்கு மறுபடி உயிர்பெறும், தீர்ப்புக்கு முன்னால் தவணை கேட்கும் வாய்ப்பும் திரும்ப வரும் என்பது உண்மைதான். ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்பது போல நிஜமான காரணம் இருந்தால் போடுங்கள். பொய்க் காரணம் எழுதிப் போட நான் துணைபோக மாட்டேன். அப்பீலும் அப்படித்தான். கடனை ஒத்துக்கொள்கிறவருக்கு அப்பீலில் சொல்ல ஒன்றுமில்லை. அப்பீல் போட்டாலே டிகிரி நின்றுவிடாது, தடை வாங்கப் பணமோ ஜாமீனோ கட்டச் சொல்வார்கள். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்கிற யோசனையும் வரும். அதுதான் இன்சால்வென்சி, அதாவது திவால், மனு. அது உங்கள் சொத்து முழுவதையும் கோர்ட் கையில் ஒப்படைப்பது. ஒரே ஒரு 3 லட்சம் கடனுக்கு, நிலையான சம்பளம் உள்ளவர் போகிற வழி அது இல்லை.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பதற்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் நீளும் திட்டத்துக்கு நீதிபதிகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன், அது அனுபவம், விதி அல்ல. நான் மேலே சொன்ன கட்டளை, விதிகளை அந்தந்த மாநிலத்துக்குத் தகுந்தபடி திருத்திக்கொள்ள உயர் நீதிமன்றங்களுக்கு 122-ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் வக்கீல் மனுவை வரையும்போது உயர் நீதிமன்றத் திருத்தங்களோடு அச்சிட்ட பதிப்பைத் திறந்து பார்க்கட்டும், கைப்பேசியில் கிடைக்கும் பொது வாசகத்தை நம்பி வரைய வேண்டாம். உங்கள் டிகிரியையும் நான் பார்க்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் நான் சொன்னதில் பெரும்பகுதி பொருந்தாது. செக் மோசடி வழக்கும் சேர்ந்து நடக்கிறது என்றால் அது கிரிமினல், அங்கே கதை வேறு.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. புரோநோட்டில் உங்களோடு சேர்ந்து வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? பெரும்பாலும் மச்சினனோ கூட வேலை பார்ப்பவரோ போட்டிருப்பார். அவரும் வழக்கில் இரண்டாம் பிரதிவாதியாக இருந்து, டிகிரி இருவர் மேலும் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஆகியிருந்தால், உங்களை விட்டுவிட்டு முழுத் தொகைக்கும் அவர் சம்பளத்தைப் பிடிக்க டிகிரிதாரருக்குத் தடை எதுவும் இல்லை. நீங்கள் மட்டும் தவணை பேசி முடித்தால் அவர் தலைக்கு மேல் கத்தி அப்படியே தொங்கும். கூட்டு மெமோவில் அவர் பெயரையும் சேர்த்து, தவணை ஒழுங்காகப் போகும்வரை அவர் மேலும் நடவடிக்கை இல்லை என்று எழுதி வாங்குங்கள். டிகிரிதாரரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.